இலையானும் மண்ணும் சொல்லும் சாட்சி

சுலைமான் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் மௌத்தை ஜின்களுக்கு அறிவித்தது யார்? சின்ன வயதில் ஓதப் போனவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். கைத்தடியில் சாய்ந்தபடியே அவர்களின் உயிர் பிரிந்துவிடுகிறது. அவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து ஜின்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன. கடைசியில் ஒரு கரையான் அந்தத் தடியை அரித்துத் தின்ன, தடி முறிந்து அவர்கள் விழுகிறார்கள். அப்போதுதான் ஜின்களுக்கு உண்மை தெரியவருகிறது. ஸபஉ சூராவில் வரும் சம்பவம் இது.

ஹாபீலைக் கொன்ற காபீலுக்கு மய்யித்தை மண்ணில் மறைக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு காகம். அது மாயிதா சூராவில் வருகிறது. மரணத்தைப் பற்றி மனிதனுக்குத் தெரியாத ஒன்றை ஒரு சிறிய உயிர் வந்து சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிய விடயமில்லை.

இன்றைக்குக் குற்றப் புலனாய்வில் தடயப் பூச்சியியல் என்று ஒரு துறை இருக்கிறது. இறந்த உடலை நாடிவரும் இலையான், புழு, வண்டு ஆகியவற்றை வைத்து மரணம் எப்போது நடந்தது, எங்கே நடந்தது, பிறகு உடலுக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் துறை. இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் குருக்கள்மடம் மனிதப் புதைகுழி விடயம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தில் மீண்டும் எடுக்கப்பட்டது. அதன் பிறகு ஊரில் நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "இத்தன வருசத்துக்குப் பொறகு மண்ணத் தோண்டி என்னத்தக் கண்டுபிடிக்கிற?"

நியாயமான கேள்வி. விஞ்ஞானத்தால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் கிடைக்கும்.

அரிவாளில் மொய்த்த ஈக்கள்

இந்தத் துறையின் முதல் பதிவு சீனாவில் இருந்து வருகிறது. சொங் சி என்ற நீதி அதிகாரி 1247ஆம் ஆண்டு மரண விசாரணை பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு கிராமத்தில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். காயத்தைப் பார்த்தால் அரிவாள் வெட்டு. விசாரிக்க வந்த அதிகாரி ஊரவர்கள் எல்லாரையும் தங்கள் அரிவாளைக் கொண்டுவந்து நிலத்தில் வைக்கச் சொல்கிறார். வெயில் நேரம். எத்தனையோ அரிவாள் இருக்க, ஒரே ஒரு அரிவாளில் மட்டும் ஈக்கள் வந்து மொய்க்கின்றன. கழுவித் துடைத்திருந்தாலும் இரத்த வாடை போகவில்லை. மனிதனின் மூக்குக்குப் பிடிபடாத வாடை ஈக்குப் பிடிபட்டுவிட்டது. அரிவாளின் சொந்தக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

இன்னொரு வழக்கு நமக்குக் கொஞ்சம் கிட்டியது. பம்பாயில் இருந்து இங்கிலாந்து போய்த் தொழில் செய்த பக் ரக்ஸ்டன் என்ற பார்சி வைத்தியர் சம்பந்தப்பட்டது. 1935 செப்டெம்பர் மாத நடுப்பகுதியில் இலங்காஸ்டர் நகரில் அவருடைய மனைவியும் வீட்டுப் பணிப்பெண்ணும் காணாமல் போனார்கள். செப்டெம்பர் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் மொஃபட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு நீரோடைப் பள்ளத்தில் இரண்டு பெண்களின் உடற்பாகங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. யாருடையவை என்று அடையாளம் தெரியாதபடி சிதைக்கப்பட்டிருந்தன. அவற்றில் இருந்த புழுக்களை கிளாஸ்கோவைச் சேர்ந்த டொக்டர் அலெக்சாண்டர் மேர்ன்ஸ் ஆராய்ந்து, அவற்றின் வயது ஏறத்தாழ 12 முதல் 14 நாள் என்று சொன்னார். பெண்கள் காணாமல்போன நாளோடு அந்தக் கணக்குப் பொருந்தியது. வேறு பல சான்றுகளோடு இதுவும் சேர்ந்து வழக்கை நிறுத்தியது. 1936இல் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார்.

புழு தனியாக வழக்கை வெல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கைரேகை, உடற்கூற்றியல், மண்டையோட்டையும் படத்தையும் பொருத்திப் பார்த்தது என்று பல சாட்சிகள் இருந்தன. அவற்றில் ஒன்றாகப் புழுவும் இருந்தது.

புழு ஒரு மணிக்கூடு

இது எப்படி வேலை செய்கிறது? கடற்கரையில் கருவாடு காயப்போட்ட இடத்துக்குப் போனால் விளங்கிவிடும். மீனைப் பிளந்து உப்பிட்டு விரித்த கொஞ்ச நேரத்திலேயே மினுங்கும் நீலப்பச்சை நிற இலையான்கள் வந்துவிடும். பெரிய சிவந்த கண் இருக்கும். நம் பகுதியில் இந்த இனம் மிகச் சாதாரணம். கருவாட்டில் புழு வைப்பதும் இதுதான். இறந்த உடலுக்கு முதலில் வந்து சேருவதும் இதன் குடும்பம்தான். வெளியே கிடக்கும் உடலை இந்த இலையான்கள் பகல் வேளையில் சில மணி நேரத்துக்குள்ளேயே தேடி வந்துவிடும். கண், மூக்கு, வாய், காயம் என்று ஈரமான இடம் பார்த்து முட்டையிடும்.

நம் வெக்கைக்கு ஒரு நாளைக்குள் முட்டை பொரிக்கும். புழு மூன்று பருவம் தாண்டி வளரும். பிறகு உடலை விட்டு நகர்ந்து மண்ணுக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அதன் தோல் இறுகிப் பழுப்பு நிறக் கூடாக மாறும். பார்வைக்கு நெல்மணி போல இருக்கும். அதற்குள்ளிருந்து புதிய இலையான் வெளிவரும். முட்டையில் இருந்து இலையான் வரை எல்லாம் சேர்த்து நம் காலநிலையில் ஏறத்தாழ பத்து நாள்.

புழு வளரும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் இலையான் 10 பாகைக்குக் கீழே வளராது என்று வைப்போம். 30 பாகை வெப்பத்தில் முழுதாக வளர 10 நாள் எடுக்கிறது. அப்படியெண்டால் அதற்குத் தேவையான மொத்த வெப்பம், 30இல் 10 கழித்து வரும் 20ஐ 10 நாளால் பெருக்க 200. அதே இலையான் 20 பாகைக் குளிரில் ஒரு நாளைக்கு 10 அலகுதான் சேர்க்கும். 200 சேர 20 நாள் ஆகும். நுவரெலியாவில் கிடைத்த புழுவுக்கும் மட்டக்களப்பில் கிடைத்த புழுவுக்கும் ஒரே வயது சொல்ல முடியாது என்பது இதனால்தான். புழுவின் இனம், பருவம், அந்த இடத்து வெப்பநிலைப் பதிவு மூன்றும் கிடைத்தால் முதல் முட்டை விழுந்த நேரத்தை நிபுணர் பின்னோக்கிக் கணக்கிடுவார்.

இந்த மணிக்கூடு நாட்களையும் வாரங்களையும்தான் காட்டும். பிறகு வண்டுகள், உலர்ந்த தோலைத் தின்னும் பூச்சிகள் என்று வேறு வேறு கூட்டம் வரும். அந்த வரிசையைப் பார்த்து மாதக் கணக்கும் சொல்லலாம். பிரான்சின் ஷான் பியர் மெஞ்ஞான் 1894இல் இந்த வரிசையை எட்டு அலைகளாகப் பிரித்து நூல் எழுதினார். ஆனால் 35 வருடத்துக்கு முந்திய மரணத்தின் திகதியை எந்தப் புழுவாலும் சொல்ல முடியாது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். குருக்கள்மடத்தில் பூச்சியை வைத்து நாள் குறிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியெண்டால் இலையானுக்கு இங்கே என்ன வேலை?

மண்ணுக்குள் கிடக்கும் கூடு

இலையான் செத்து மறைந்துவிடும். புழுவும் மறைந்துவிடும். ஆனால் அது விட்டுப்போன பழுப்புக் கூடு கைற்றின் என்ற கடினமான பொருளால் ஆனது. நண்டு, இறால் ஓட்டில் இருப்பதும் அதுதான். மண் ஒத்துழைத்தால் இந்தக் கூடு மிக நீண்ட காலம் அழியாமல் கிடக்கும். பெரு நாட்டில் மோச்சே மக்களின் பழைய புதைகுழி ஒன்றில், ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைமையான எலும்புகளோடு இலையான் கூடுகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள், அந்த உடல் இறந்த உடனே புதைக்கப்படவில்லை, பல நாள் வெளியே கிடந்த பிறகுதான் மண்ணுக்குள் போனது என்று முடிவு செய்தார்கள்.

அவர்கள் அதை எப்படிச் சொன்னார்கள்? நீல இலையானால் ஆழமான மண்ணைத் துளைத்து இறங்க முடியாது. உடலை முதலிலேயே நன்றாகப் புதைத்துவிட்டால் அது கிட்ட வராது. புதைகுழிக்குள் அதன் கூடு இருந்தால், புதைப்பதற்கு முன்னரே முட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது உடல் வெளிச்சத்தில், திறந்த வெளியில் சில நேரமாவது கிடந்திருக்கிறது. இந்த இலையான்கள் சாதாரணமாக இரவில் முட்டையிடுவதில்லை. ஆகவே இரவில் கொன்று விடியுமுன் புதைத்த உடலில் கூடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பகல் முழுக்கக் கிடந்த உடலில் அதிகம்.

இதற்கு மாறாக, மிகச் சிறிய இலையான் இனம் ஒன்று உண்டு. கொசு அளவுதான். மேற்கு நாட்டார் அதைச் சவப்பெட்டி ஈ என்பார்கள். அது மண்ணின் இடுக்கு வழியாக ஒரு மீற்றர் ஆழம் வரைகூட இறங்கி, மண்ணுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஒரு குழியில் இந்தச் சிறிய இலையானின் கூடு மட்டும் நிறைய இருந்து, நீல இலையானின் கூடு இல்லாவிட்டால், உடல் விரைவாகப் புதைக்கப்பட்டு அதே இடத்தில் கிடந்தது என்று ஊகிக்க இடமுண்டு.

"இடமுண்டு" என்றுதான் சொல்கிறேன். கூடு இல்லை என்பதற்காக உடல் வெளியே கிடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. நிலத்தடி நீர் ஏறி இறங்கும் மண்ணில் கூடும் உக்கிப் போகலாம். இருப்பது சாட்சி. இல்லாதது வெறும் மௌனம்.

1990 ஜூலை 12

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில்தான் குருக்கள்மடம் இருக்கிறது. கல்முனையில் இருந்து காத்தான்குடிக்கு வரும் பாதையில் களுவாஞ்சிக்குடி, செட்டிபாளையம் எல்லாம் தாண்டினால் வரும் தமிழ்க் கிராமம். அம்பிளாந்துறைக்குப் படகுப் பாதை போவதும் இங்கிருந்துதான். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியிருந்தது. ஜூலை 12ஆம் திகதி அந்தப் பாதையால் காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்திக் கொன்றார்கள். அவர்களில் ஹஜ்ஜை முடித்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். வியாபாரிகள் இருந்தார்கள். அதன் பிறகுதான் ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களும், அடுத்த வாரம் ஏறாவூரும் நடந்தன.

பள்ளிவாசலில் ஷஹீதானவர்களை நாம் கையால் எடுத்து அடக்கினோம். கபுறு எங்கே என்று தெரியும். ஸியாரத்துக்குப் போகலாம். குருக்கள்மடத்தில் போனவர்களுக்கு அது இல்லை. எத்தனை பேர் என்பதுகூட ஒரு முடிவில் இல்லை. 60க்கு மேல் என்று ஒரு கணக்கு. 160க்கு மேல் என்று இன்னொரு கணக்கு. 2014இல் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தின் முன் அகழ்வு பற்றிய விடயம் வந்தது. தோண்டப்படாமலே காலம் போனது.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எவை? எத்தனை பேர்? அந்த இடத்தில்தான் கொல்லப்பட்டார்களா, வேறெங்கோ கொன்று கொண்டுவந்தார்களா? ஒரே தடவையில் புதைத்தார்களா? பிறகு யாராவது குழியைக் கிளறி உடல்களை மாற்றினார்களா? ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள்? யார் யார்?

எத்தனை பேர் என்பதற்கு எலும்பே பதில் சொல்லும். ஒரு மனிதனுக்கு வலது தொடை எலும்பு ஒன்றுதான். குழியில் 80 வலது தொடை எலும்பு இருந்தால் ஆகக் குறைந்தது 80 பேர். எங்கே, எப்போது புதைத்தார்கள், பிறகு மாற்றினார்களா என்ற கேள்விகளுக்குத்தான் இலையான் கூடும் மண்ணும் உதவும். எல்லா உடலோடும் நீல இலையான் கூடு இருந்தால் ஒரு கதை. சில உடல்களில் மட்டும் இருந்தால் வேறு கதை: எல்லாரும் ஒரே நேரத்தில் மண்ணுக்குள் போகவில்லை என்று கொள்ள இடம் வரும். கூடுகள் நிறைந்த மண் ஓர் இடத்திலும் எலும்புகள் இன்னோர் இடத்திலும் இருந்தால், உடல்கள் மாற்றப்பட்டனவா என்ற கேள்வி எழும்.

உடல்களை மாற்றுவது நடக்காத காரியம் இல்லை. 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களில் கொலையாளிகள் குற்றத்தை மறைக்க இயந்திரம் கொண்டு குழிகளைத் தோண்டி, உடல்களை அள்ளி வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. ஆனால் அவர்கள் உடலோடு சேர்த்து மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த மண்ணையும் அதில் இருந்த மகரந்தத் துகளையும் ஆராய்ந்தபோது, எந்தக் குழியில் இருந்து எந்தக் குழிக்குப் போனது என்று தெரிந்துவிட்டது. இறந்தவர்களின் கையில் இருந்த தானியங்கிக் கைக்கடிகாரங்களும் சாட்சி சொன்னன. கை அசைவு நின்றதும் கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோன அந்தக் கடிகாரங்கள், அந்த நாளையும் திகதியையும் காட்டிக்கொண்டிருந்தன.

கரையான் செய்யும் குழப்பம்

பூச்சி எப்போதும் உதவியே செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் சொன்ன அதே கரையான், மண்ணுக்குள் எலும்பையும் அரிக்கும். அப்படி அரித்த தடம், அனுபவமில்லாதவர் கண்ணுக்கு ஆயுதத்தால் வந்த காயம் போலத் தெரியலாம். மரத்தின் வேரும் எலும்பில் கோடு போடும். எது வெட்டு, எது துப்பாக்கிச் சூடு, எது கரையான், எது வேர் என்று பிரித்துச் சொல்ல எலும்பியல் தெரிந்த நிபுணர் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆபத்து. நடந்த கொடுமை தெரியாமல் போகும். நடக்காத ஒன்று நடந்ததாக எழுதப்படும். இரண்டும் இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதிதான்.

மாத்தளையும் மன்னாரும்

இலங்கையில் மனிதப் புதைகுழி தோண்டுவது புதிதல்ல. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அங்கு கிடைத்த பொருட்களை வைத்துப் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார். ஜனாதிபதி நியமித்த ஆணைக்குழுவோ காபன் பரிசோதனையை வைத்து 1950க்கு முந்தியவை என்றது. 2018இல் மன்னார் நகரில் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. தெரிவு செய்த சில மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வெளியான முடிவு, அவை 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை என்றது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடி வாசலில் நின்ற தாய்மார்கள் அதை ஏற்கவில்லை.

எந்த முடிவு சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பாடம் வேறு. 300 எலும்புக்கூட்டுக்கு ஒரு சில மாதிரி போதுமா? எந்தப் படையில் இருந்து எடுத்தது? பக்கத்தில் என்ன பொருள் கிடந்தது? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்காவிட்டால், விஞ்ஞானம் சொன்னாலும் சனம் நம்பாது. ஒரே ஒரு பரிசோதனையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றக் கூடாது.

குருக்கள்மடத்தில் காலத்தைக் குறிக்கப் பல வழி உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் கதிரியக்கக் காபன் ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கூடியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் வளர்ந்த பல்லிலும் எலும்பிலும் அதன் அடையாளம் இருக்கும். பழங்கால எலும்பையும் நம் காலத்து எலும்பையும் பிரிக்க இது ஒன்றே போதும். அதைவிட எளிய சாட்சி, சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைக்காசு. காசில் ஆண்டு பொறித்திருக்கும். 1989 என்று பொறித்த காசு ஒருவரோடு புதைந்திருந்தால் அவர் அதற்கு முன் புதைக்கப்பட்டிருக்க முடியாது. ஹஜ்ஜில் இருந்து வந்தவரிடம் சவூதி ஹலாலா இருக்கலாம். பருத்தி உக்கிப் போகும். பொலியெஸ்டர் நூல், தோல் செருப்பின் அடி, பட்டியின் கொளுக்கி, பிளாஸ்ரிக் தஸ்பீஹ் மணி, மூக்குக்கண்ணாடி, கட்டிய பல் இவை நிற்கும். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளோடு ஒரு குழந்தையின் புத்தகப்பையும் விளையாட்டுப் பொருளும் வெளிவந்தபோது, அது யார் கண்ணுக்கும் பழங்காலக் கல்லறையாகத் தெரியவில்லை.

அரிதட்டு இல்லாமல் தோண்டக் கூடாது

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஒரு புதைகுழியை ஒரு தடவைதான் தோண்டலாம். தோண்டத் தோண்ட அது அழிகிறது. இலையான் கூடு ஒரு சென்ரி மீற்றரும் இராது. மண்வெட்டியால் வாரி ஒரு பக்கம் கொட்டினால் போனது போனதுதான். பெக்கோ இயந்திரம் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே நீதிமன்றத்தின் மேற்பார்வையில் சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியல் நிபுணரும் வேலையைத் தொடங்கும்போது, பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் இருந்து சட்டத்தரணிகள் சில விடயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. முதலில் நிலத்தை ஊடுருவும் ராடார் கொண்டு பார்த்து எல்லையைக் குறிக்க வேண்டும். மண்ணைப் படை படையாகக் கையால் எடுக்க வேண்டும். எடுத்த மண் முழுவதையும் நுண்ணிய கண் உள்ள அரிதட்டில் அரிக்க வேண்டும். ஒவ்வொரு மண்டையோட்டுக்குள்ளிருந்தும், நெஞ்சுக்கூடு, இடுப்பு இருந்த இடத்தில் இருந்தும் தனித்தனியாக மண் மாதிரி எடுத்து இலக்கமிட வேண்டும். குழிக்கு வெளியே, எந்தத் தொடர்பும் இல்லாத இடத்து மண்ணும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எடுத்ததை எல்லாம் படம் பிடித்து, யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று பதிய வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. பொறுமைதான் வேண்டும்.

மய்யித்தின் கண்ணியம்

"கபுறைத் தோண்டலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல கேள்வி. தேவை இல்லாமல் கபுறைக் கிளறுவதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. மய்யித்தின் எலும்புக்கும் உயிரோடு இருப்பவரின் எலும்புக்கும் ஒரே கண்ணியம் என்பதை நபிமொழி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆனால் குருக்கள்மடத்தில் இருப்பது நாம் அறிந்த கபுறா? ஜனாஸாத் தொழுகை நடந்ததா? கிப்லாவை முன்னோக்கி வைத்தார்களா? யாராவது ஒரு பிடி மண் போட்டார்களா? கொன்றவன் மறைப்பதற்காகத் தோண்டிய குழிக்கும் உறவினர் கண்ணீரோடு தோண்டிய கபுறுக்கும் வித்தியாசம் உண்டு. இதன் சட்டத்தை உலமாக்கள் சொல்லட்டும். அகழ்வு தொடங்குமுன்பே அவர்கள் ஒரு முடிவை எழுத்தில் தருவது நல்லது. எலும்புகள் எவ்வளவு காலம் ஆய்வுகூடத்தில் இருக்கலாம், எப்போது திரும்ப வேண்டும், அடையாளம் காண முடியாதவர்களை எங்கே எப்படி அடக்குவது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கண்ணியமும் விஞ்ஞானமும் இங்கே எதிரிகள் அல்ல. எலும்பைக் கவனமாக எடுத்து, பெயர் கண்டுபிடித்து, வாரிசிடம் கொடுப்பதும் கண்ணியம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளவில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் 158 பேர் படையினரால் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவில்லை. சில நாளில் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட 180க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம், அதே மாவட்டம். அந்தத் தாய்மாரும் நம் உம்மாமார் போலத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருக்கள்மடத்தில் முறையாக ஓர் அகழ்வு நடந்தால், அதே முறை அவர்களுக்கும் வழி திறக்கும். இலையானுக்கும் மண்ணுக்கும் சாதி சமயம் தெரியாது. அதனால்தான் அவற்றின் சாட்சியை எல்லாரும் நம்பலாம்.

நேரம் போகிறது

எலும்பு கிடைத்தாலும் பெயர் கிடைக்க டி.என்.ஏ. ஒப்பீடு வேண்டும். வெக்கையும் ஈரமும் உள்ள மண்ணில் டி.என்.ஏ. வேகமாகச் சிதையும். பல்லிலும் காதுக்குப் பின்னால் உள்ள மிகக் கடினமான எலும்பிலும்தான் அது அதிக காலம் தங்கும். அதை எடுத்தாலும் ஒப்பிட உறவினரின் மாதிரி தேவை. தாய், தகப்பன், பிள்ளை இவர்களின் மாதிரிதான் மிக உறுதியானது. சகோதரம் இருந்தால் உதவும். ஆனால் அது அந்த அளவுக்குத் தெளிவாக இராது.

கணக்குப் பாருங்கள். 1990இல் 30 வயதில் போனவரின் உம்மாவுக்கு அப்போது 50 வயது என்றால் இன்றைக்கு 85. ஒவ்வொரு வருடமும் நம் ஊர்களில் அப்படி எத்தனை உம்மாமார் மௌத்தாகிறார்கள்? ஒரு கபுறு மூடும்போது இன்னொரு கபுறின் பெயரும் அதோடு மூடிவிடுகிறது. மண்ணுக்குள் கிடக்கும் இலையான் கூடு இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும். உம்மா காத்திருக்க மாட்டா.

அதனால் நீதிமன்றம் திகதி குறிக்கும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. காணாமல் போனவர்களுக்கான அலுவலகம் 2016இன் சட்டத்தால் உருவானது. அங்கு இன்னும் பதியாதவர்கள் பதியலாம். பள்ளிவாசல் சம்மேளனங்கள் வீடு வீடாகப் போய்ச் சில விடயங்களை எழுதிவைக்கலாம். போனவரின் உயரம், வயது, எந்தப் பல் விழுந்திருந்தது, சின்ன வயதில் கை கால் முறிந்ததா, அன்றைக்கு என்ன உடுத்திருந்தார், கையில் என்ன கடிகாரம், பையில் என்ன இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினால் போதும். சிரித்தபடி எடுத்த ஒரு பழைய படத்தில் பல் தெரிந்தால் அதுவும் சான்று. முதியவர்களின் டி.என்.ஏ. மாதிரியை முறைப்படி எடுத்துப் பாதுகாக்க வழி செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

"இத்தன வருசத்துக்குப் பொறகு என்னத்தக் கண்டுபிடிக்கிற?" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். கவனமாகத் தோண்டினால் எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கலாம். எப்படி இறந்தார்கள், வெளியே கிடந்தார்களா, பிறகு யாராவது கிளறினார்களா என்று பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். உறவினர் மாதிரி இருந்தால் பலருக்குப் பெயர் கொடுக்கலாம். எல்லாருக்கும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அவசரமாகத் தோண்டினால் இதில் ஒன்றும் கிடைக்காது. மிஞ்சுவது ஒரு சாக்கு எலும்பும் இன்னொரு 35 வருட வாக்குவாதமும்தான்.